அன் போட்டால் அவிழும்

ஜூன் 3, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஐந்து மாதமாகப் பால்காரர் கணக்குக்குக்கூட உதவாமல் கிடந்தது. இன்று புது பேட்ச் தொடங்கியதால் நானும் தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். 'கமென்ஸ்டு' என்ற சொல்லில் எத்தனை எம் என்று முதல் வரியிலேயே ஒரு சின்ன யோசனை வந்தது. ஆசிரியனுக்கு யோசனை வரக் கூடாது என்று சட்டமில்லை. ஆனாலும் மாணவர் யாராவது டைரியைப் பார்த்துவைத்தால் மரியாதை என்ன ஆவது? அதனால் தமிழில் எழுதுகிறேன். தாய்மொழிப் பற்றும் ஒரு காரணம்.

ஈரோடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பேக்கரிக்கு மாடியில் இருக்கிறது என்னுடைய தேம்ஸ் இங்கிலீஷ் அகாடமி. காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு எதற்குத் தேம்ஸ் என்று சிலர் கேட்கிறார்கள். காவிரி என்று பெயர் வைத்தால் தண்ணீர் கேன் போடும் கடை என்று நினைத்துக்கொள்வார்கள்.

பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். எல்லா பேட்சுக்கும் நான் முதலில் எடுப்பது எதிர்மறை முன்னொட்டுகள்தான். அன், இன், இம், இர், இல், டிஸ், நான், மிஸ். மொத்தம் எட்டு. 'ஹேப்பி' தெரிந்தவன் முன்னால் ஒரு 'அன்' போட்டால் 'அன்ஹேப்பி' இலவசம். துணிக்கடை ஆடித் தள்ளுபடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பார்களே, அதேதான். வந்த அன்றே சொல்வளம் இரண்டு மடங்கு ஆகிவிடுவதால் யாரும் பீஸைத் திருப்பிக் கேட்பதில்லை.

இரவு அக்கா போன் செய்தாள். அடுத்த தெருவில் இருந்துகொண்டே போன் செய்வாள். "ஆடி பொறக்கறதுக்குள்ள உனக்கொரு கல்யாணத்தப் பண்ணி வெச்சறோணும் தம்பி" என்றாள். பன்னிரண்டு வருஷமாக ஆடிக்கு முன்னால் தவறாமல் இதைச் சொல்கிறாள். 'இம்பாசிபிள்' என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 5, புதன்

நாட்ராயன் என்று ஒரு மாணவர். ஐம்பது வயதிருக்கும். போர்வெல் லாரி வைத்திருக்கிறார். வடக்கே போய்க் குழி போடும் இடங்களில் இந்திக்காரர்களோடு ஆங்கிலத்தில் சண்டை போட ஆசைப்பட்டு வந்திருக்கிறார்.

"ஏனுங் சார், கம்னா வா. இன் போட்டா எதிர்ப்பதம். அப்ப இன்கம்னா வராததுங்களா?"

"அது விதிவிலக்கு" என்றேன்.

"இல்லீங்க சார், எனக்கு விதிப்படியே செரியாத்தான் இருக்குது. மூணு மாசமா வரலீங்க."

வகுப்பே சிரித்தது. அடங்கியதும், அங்கிள் என்றால் 'கிள்'ளுக்கு எதிர்ப்பதமா என்றார். அதுவும் விதிவிலக்கு என்றேன். ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் இன்றுவரை கைவிடாத ஒரே சொல் இதுதான்.

முன் பெஞ்சில் கோகிலவாணி என்றொரு பெண். பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்கள் மேனேஜரை விட்டுவிட்டு இவளிடம்தான் நேராகக் கேட்பார்களாம். போன மாதம் ஒருவர் எதையோ கேட்க, வழக்கம்போல இவள் 'எஸ் சார்' என்றாளாம். சரக்கில் ஏதாவது கோளாறு உண்டா என்பதுதான் கேள்வி. லாரியில் ஏற்றிய பெட்டி அத்தனையையும் இறக்கிப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டனுங்க சார், நோ சொல்லக் கத்துக்கோணும்னு" என்றாள்.

சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்றேன்.

ஜூன் 7, வெள்ளி

நாட்ராயன் தாமதமாக வந்தார். அவருடைய டீசல் தொட்டியின் மேல் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கிறதாம். 'இன்' போட்டால் எதிர்ப்பதம் என்று லாரி ஆட்களுக்கு இவர் நேற்றுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இன்று ஒருவன் தொட்டி மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்திருக்கிறான். கேட்டதற்கு, தீப்பிடிக்காது என்று தொட்டியிலேயே எழுதியிருக்கிறது, நீங்கள்தானே சொன்னீர்கள் என்றானாம்.

"நல்ல வேளைங்க, நான் இங்கிலீச நம்பல. மூக்க நம்புனேன்" என்றார்.

விதிவிலக்குகளைத் தனியாக ஒரு நாள் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

இன்று என் வகுப்பு சிறப்பாக அமைந்தது. பிறர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும், நானே எழுதிவிடுகிறேன்.

'அன்' என்பதற்கு இன்னொரு முகம் உண்டு. அன்டை, அன்லாக், அன்பேக். இங்கே 'அன்' வந்தால் 'இல்லை' என்று பொருளில்லை. செய்ததைக் கலைப்பது என்று பொருள். கட்டியதை அவிழ்ப்பது, பூட்டியதைத் திறப்பது. இதை விளக்க என் கைக்குட்டையில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துக் காட்டினேன். முடிச்சு கொஞ்சம் இறுகிவிட்டது. கோகிலவாணி வாங்கி அவிழ்த்துக் கொடுத்தாள்.

கொடுக்கும்போது கேட்டாள்: "அப்ப மொதல்ல கட்டியிருந்தாத்தானுங்க சார் அன் போட முடியும்?"

"நூற்றுக்கு நூறு. கட்டாததை எப்படி அவிழ்ப்பது?"

அதைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷத்தில் என் இலக்கணத்தைக் கேட்டு ஒருவர் இவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை.

நாட்ராயனுக்கு வேறு குறை. "நம்மூர்ல இல்லைங்கறது கடைசீலதானுங்க வரும். போவேன்னு ஆரம்பிச்சாலும் போகமாட்டேன்னு முடிச்சுக்கலாம். இவனுக மொதல்லயே கதவச் சாத்தறானுக."

குறித்துக்கொள்ள வேண்டிய கருத்து. என் கருத்தாகப் பிறகு எங்காவது சொல்லலாம்.

ஜூன் 14, வெள்ளி

ஒவ்வொருவரும் எழுந்து தன்னை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திக்கொள்ளும் பயிற்சி. நாட்ராயன் தன்னை விட்டுவிட்டு லாரியை அறிமுகப்படுத்தினார்.

கோகிலவாணியின் முறை வந்தது. எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, மை நேம் ஈஸ் கோகிலவாணி, ஐ ஆம் தர்ட்டி ஃபோர் என்றாள். ஒரு நொடி நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, "ஐ ஆம் அன்மேரீட்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெரிய பாரத்தை இறக்கி வைத்த சிரிப்பு.

'மேரீட்' இல்லை, 'மேரிட்' என்று திருத்தினேன். அது என் கடமை.

முப்பத்து நான்கு வயதில் இதை இவ்வளவு கம்பீரமாகச் சொல்கிற பெண் ஈரோடு மாவட்டத்தில் இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. 'ஆல்ஸோ' என்ற சொல்லுக்கு உதாரணம் தேவைப்பட்டதால் 'ஐ ஆம் ஆல்ஸோ அன்மேரிட்' என்று வகுப்புக்குச் சொன்னேன். உதாரணத்துக்காக மட்டுமே சொன்னேன்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அவளே பேச்சுக் கொடுத்தாள்.

"சாருமுங்களா? யாருமே சொல்லலீங்க. எனக்கு நாலு வருசமாச்சுங்க சார். மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்பப் பழகிருச்சுங்க."

நான்கு வருஷமாக வரன் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வருஷம் என்றேன்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க சார்?"

நான் பார்த்த பெண்களைக் கேட்கிறாள். "எல்லாரும் கல்யாணமாகி நல்லா இருக்காங்க" என்று பெருந்தன்மையாகவே சொன்னேன்.

"எல்லாருமுங்களா? எத்தன பேருங்க?"

"பதினேழு."

அவள் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவி கீழே விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. என் மேல் இவ்வளவு இரக்கப்பட ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பதினேழில் ஒன்பது பேரை நான் வேண்டாம் என்றேன். உச்சரிப்பு சரியில்லை. மீதி எட்டு வீட்டாரும் கலந்து பேசித் தகவல் சொல்கிறோம் என்று சொன்னவர்கள்தான். பெண்ணின் ஆங்கிலத்தை நான் அங்கேயே திருத்தியதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக அக்கா சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜூன் 17, திங்கள்

கோகிலவாணி வரவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இன்றும் வரவில்லை. வகுப்பு என்னவோ சுமாராகத்தான் போனது. மின்விசிறியைச் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 19, புதன்

வந்துவிட்டாள். நாட்ராயன் அவளிடம் போனில் பேசினாராம். என்ன பேசினீர்கள் என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. கீழ பேக்கரில வெசாரிச்சுட்டு, சாரு ஆல்ஸோன்னது உதாரணத்துக்குத்தான், பதினேழு பொண்ணுப் பாத்ததுதான், ஒண்ணையுங் கட்டலைன்னு சொன்னனுங்க. அந்தப் புள்ள எதையோ எப்படியோ நெனச்சுட்டுப் பயந்து போயிருந்துச்சு."

எதை எப்படி நினைத்தாள் என்று சொல்லாமல் அவரே சிரித்துக்கொண்டார். ஓயாமல் போர்வெல் சத்தம் கேட்கிறவர்களுக்கு இப்படித் தனியாகச் சிரிப்பது வரும் போல.

அவள் வகுப்புக்குப் பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டு கொண்டுவந்தாள். எல்லோருக்கும் ஒன்று. எனக்கு இரண்டு. இதில் பொருள் எதுவும் தேடத் தேவையில்லை. ஆனால் இரண்டு.

ஜூன் 21, வெள்ளி

மூன்று சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்தேன். சாயங்காலம் நாட்ராயன் பேக்கரி வாசலில் டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஏனுங் சார், அந்தப் புள்ளைகிட்டக் கேட்டுப் பாத்தனுங்க."

"எதை?"

"நீங்க கேக்கோணும்னு நெனச்சுட்டுக் கேக்காம இருக்கறதத்தான்."

நான் எதையும் நினைக்கவில்லை என்றேன். சரி, நினைக்காமலே கேளுங்கள், அவள் என்ன சொன்னாள் என்றால் வீட்டுக்குப் பெரியவர்களை அனுப்பிப் பேசச் சொன்னாள் என்றார். டீ சூடாக இருந்தது. நாக்கு வெந்துவிட்டது.

அக்காவுக்குச் சொன்னேன். எப்போதும் போனிலேயே பேசுகிற அக்கா போனை வைத்துவிட்டு நேரிலேயே வந்தாள். பிறகு அழுதாள். "ஞாயித்துக்கெழமையே நானும் உன்ற மச்சானும் போயிப் பாக்கறோம். நீ வராத. வந்தீன்னா அந்தப் புள்ளையத் திருத்தப் போயிருவே."

ஜூன் 23, ஞாயிறு

அக்காவும் மச்சானும் பதினொரு மணிக்குப் போனார்கள். பன்னிரண்டுக்குள் திரும்பிவிட்டார்கள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டாள்.

"ஏன்டா, கல்யாணமாயித் தீத்துட்டு வந்தவளையா என்னையப் பாக்கச் சொன்னே?"

ஐந்து வருஷத்துக்கு முன் கோபி ஊர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்களாம். ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. குடித்துவிட்டு அடித்திருக்கிறான். கோர்ட்டில் முறித்துக்கொண்டு வந்துவிட்டாளாம். அவள் அண்ணனே எல்லாவற்றையும் சொல்லி, சாருக்குத் தெரியுமே, வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னதாகத் தங்கச்சி சொன்னாளே என்றாராம்.

அக்கா அவர்கள் வீட்டுக் காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். மச்சான் தன் காப்பியைக் குடித்திருக்கிறார். அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினார்.

எனக்குக் கோபமில்லை. ஏமாற்றப்பட்டவனுக்கு வரும் தெளிவு மட்டும்தான் இருக்கிறது. இஸ்திரி போட்ட சட்டைகள் மூன்றும் நாற்காலியில் கிடக்கின்றன.

ஜூன் 24, திங்கள்

வகுப்பு முடிந்து அவளை இருக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் கேட்டால் கண்ணியமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். கோபத்தில் தமிழ்தான் வந்தது.

"நீங்க என்கிட்டப் பொய் சொல்லிட்டீங்க."

"என்ன பொய்யிங்க சார்?"

"அன்மேரிட்னு சொன்னீங்க."

"ஆமுங்க. அன்மேரீட்தானுங்க. கோர்ட்டுலயே குடுத்துட்டாங்க."

அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. எனக்குப் புரியவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

"அன்டைன்னா அவுக்கறது, அன்லாக்னா தொறக்கறது, அன்பேக்னா பிரிக்கறதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. மொதல்ல கட்டியிருந்தாத்தான் அன் போட முடியுமான்னு கேட்டேன். நூத்துக்கு நூறுன்னு சொன்னீங்க. அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலீங்க சார். நாலு வருசமா யாராச்சும் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம முழிப்பனுங்க. வாழாவெட்டீங்கறாங்க. தீத்துட்டு வந்தவங்கறாங்க. இங்கிலீஸ்ல இத்தன சுத்தமா ஒரு வார்த்தை இருக்குது, கட்டுனாங்க, அவுந்துருச்சு, அவ்வளவுதான்னு சந்தோசமா வந்து சொன்னனுங்க."

"அது வினைச்சொல்லுக்கு மட்டும்தான்" என்றேன்.

"கல்யாணம் வினை இல்லீங்களா சார்?"

மேசை மேல் கிடந்த சாக்பீஸ்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். அவளே மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அந்த வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?"

"கல்யாணமே ஆகாதவங்க."

அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ. அப்ப சரக்கு வாங்க வர்ற பையர்கிட்ட, மேனேஜர்கிட்ட எல்லாம் அப்படியே சொல்லி வெச்சிருக்கனே. எல்லாரும் என்னையப் பொய்க்காரின்னுதானே நெனச்சிருப்பாங்க."

எழுந்து போய்விட்டாள். ஸ்கூட்டர் இரண்டு மூன்று உதைக்குப் பிறகுதான் கிளம்பியது. நான் ஜன்னலில் நின்று பார்க்கவில்லை. சத்தம் கேட்டது.

ஜூன் 25, செவ்வாய்

பெரிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்மேரிட்: மணமாகாத. சந்தேகமில்லை. நான் சொன்னதுதான் சரி.

பக்கத்தை மூடியிருக்கலாம். மூடாமல் 'அன்பேக்ட்' பார்த்தேன். இன்னும் கட்டாத பெட்டியும் அன்பேக்ட். கட்டிப் பிறகு பிரித்த பெட்டியும் அன்பேக்ட். 'அன்லாக்ட்' பார்த்தேன். பூட்டாத கதவு, பூட்டித் திறந்த கதவு, இரண்டுமே. பெட்டிக்கும் கதவுக்கும் கொடுத்த சலுகையை வெள்ளைக்காரன் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. பேக்கிங் பிரிவில் பெட்டிகளுக்கு நடுவே நாள் முழுக்க நிற்கிறவள், பெட்டிக்குச் சரியானது தனக்கும் சரி என்று நினைத்துவிட்டாள். இலக்கணப்படி அவள் போன பாதையில் தவறே இல்லை. பாதை போட்டவன் நான். வளைவில் பலகை வைக்க மறந்துவிட்டேன்.

அவள் பொய் சொல்லவில்லை. இதை எழுதி முடித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, உடனே பயமாகவும் இருந்தது.

ஜூன் 26, புதன்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

அவள் வந்திருந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் எப்படியோ வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது. பொறியியல் படித்துவிட்டு நேர்காணலுக்குத் தயாராகும் ஒருவன் எழுந்து, அப்பாவி போல முகத்தை வைத்துக்கொண்டு, "சார், அன்மேரிட்னா கரெக்டா என்ன அர்த்தம்?" என்றான். நாலைந்து பேர் குனிந்து சிரித்தார்கள்.

நேற்று நான் படித்தது அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. பாடத்தில் ஒரு வரியை நான் சொல்லாமல் விட்டேன், தவறு என்னுடையது, கோகிலவாணி நான் சொன்ன விதியைத்தான் சரியாகப் பின்பற்றினார் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாக்கியம்தான். தேம்ஸ் அகாடமி இடிந்து பேக்கரி மேல் விழுந்திருக்காது.

"அது விதிவிலக்கு" என்றேன்.

கரும்பலகைப் பக்கம் திரும்பி 'இர்ரெகுலர்' என்று எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பியபோது கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது.

ஜூன் 27, வியாழன்

வரவில்லை.

ஜூன் 28, வெள்ளி

வரவில்லை. நாட்ராயனும் வரவில்லை. வந்திருந்தவர்களும் நான் சொன்னதைக் கேட்ட மாதிரி இல்லை.

ஜூன் 29, சனி

நாட்ராயன் என் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"பூமில முன்னூறு அடி எறக்கித் தண்ணி இல்லைன்னா, இல்லைன்னு சொல்லிட்டு வந்துருவோமுங்க. இன்னொரு நூறு அடி போலாம்னு பசப்ப மாட்டோம். நீங்க ஒரு வாத்தியாரு, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களால முடியல. அந்தப் புள்ள பொய் சொல்லுச்சுன்னே அத்தன பேரும் நம்பிட்டாங்க. உங்க வகுப்பும் வேண்டாம், உங்க இங்கிலீசும் வேண்டாமுங்க."

மீதி பீஸ் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அவமானமாக இருக்கிறது. இதற்கு முன்னால் எந்த ஒட்டும் வேண்டாம். வெறும் அவமானம்.

ஜூன் 30, ஞாயிறு

சூரம்பட்டியில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அண்ணன் கதவைத் திறந்து, வாங்க என்றுகூடச் சொல்லாமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவள் வாசல்படிக்கு வந்து நின்றாள்.

நாளை வகுப்பில் எல்லார் முன்னாலும் என் தவறைச் சொல்கிறேன் என்றேன். சரி என்றாள். விதிவிலக்கு என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் சரி என்றாள். இதற்கு மேல் நான் எதுவும் தயார் செய்துகொண்டு போகவில்லை.

"சார், உங்கக்கா எங்க வீட்டுக் காப்பியத் தொடாம எந்திரிச்சுப் போனாங்க. இந்தப் புள்ள வேண்டாம்னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"வேண்டாங்கறதுக்கு எட்டு விதமாச் சொல்லிக் குடுத்தீங்களே சார். வேணும்ங்கறதுக்கு ஒண்ணுகூடச் சொல்லித் தரலீங்களே. அதுக்கு முன்னால என்னங்க ஒட்டோணும்?"

"எதையும் ஒட்ட வேண்டியதில்லை. அப்படியே சொல்லலாம்."

"அப்பச் சொல்லுங்க."

அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மாள் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணும்" என்றேன். வாய் கோணாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"இத எங்கிட்டச் சொல்லி ஒண்ணும் ஆகறதில்லீங்க. உங்கக்காகிட்டப் போயிச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 1, திங்கள்

வகுப்பில் சொன்னேன். மூன்று வாக்கியம் என்று நினைத்தது முப்பது வாக்கியமாக நீண்டது, நடுவில் எழுவாய் பயனிலையெல்லாம் குழம்பியது. பொறியியல் படித்தவனை எழுப்பி, கட்டாத பெட்டிக்கும் கட்டிப் பிரித்த பெட்டிக்கும் ஒரே சொல்தான் என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். நாட்ராயன் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். போகும்போது தலையை மட்டும் ஆட்டினார்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். "எனக்கு அந்தப் பொண்ணுதான் வேணும்" என்றேன்.

ஊர் என்ன பேசும் என்றாள். நாற்பத்து மூன்று வயதுவரை ஒருத்தன் சும்மா இருக்கிறானே, அதையும் ஊர் ஏதோ பேசிக்கொண்டுதான் இருக்கும் என்றேன். உனக்கென்ன குறை, கன்னிப் பெண்ணாகவே கிடைப்பாளே என்றாள். மச்சான் பன்னிரண்டு வருஷமாக எனக்குப் பெண் பார்க்க வந்து எல்லா வீட்டிலும் காப்பி குடித்ததைத் தவிர வேறு கருத்து எதுவும் சொன்னதில்லை. இன்று செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"இத்தன வருசத்துல இவன் வேணும்னு சொல்லி இப்பத்தான் கேக்கறேன். நீ கொஞ்சம் சும்மா இரு பூங்கொடி."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

ஜூலை 7, ஞாயிறு

அக்கா தானே போன் செய்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ பேசியிருக்கிறாள். பதிலுக்கு அவர்கள், நாங்கள் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். இன்று வந்தார்கள். கோகிலவாணியும் வந்திருந்தாள். பெண்ணே வருவதா என்று அக்கா என் காதில் கேட்டாள், ஆனால் கேசரியை நெய் குறையாமல்தான் கிண்டியிருந்தாள்.

கோகிலவாணி சமையலறையைப் பார்த்தாள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். "சமைக்கத் தெரியுங்களா?" என்றாள். ரசம் வைப்பேன் என்றேன். "துணி தொவைப்பீங்களா?" இஸ்திரிக்கு மட்டும் வெளியே கொடுப்பேன் என்றேன். "கோவம் வந்தாக் கை நீட்டுவீங்களா?" இதைக் கேட்கும்போது மட்டும் அவள் குரல் மாறியது. இல்லை என்றேன். நேராகப் பார்த்துச் சொன்னேன். கையில் காப்பித் தட்டோடு நான் நின்றுகொண்டே இருக்கிறேன் என்று மச்சான் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

கேசரியைச் சாப்பிட்டு, காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்தார்கள். அவள் அண்ணன் கை கூப்பினார்.

"போயித் தகவல் சொல்றோமுங்க."

ஜூலை 8, திங்கள்

தகவல் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

இல்லை. செல்போனைச் சார்ஜரில் இருந்து எடுக்கவில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் மட்டும் கூப்பிட்டார். பாலிசி போடவா என்றார். அவரிடம் இதுவரை நான் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை.

ஜூலை 10, புதன்

அக்கா கொதிக்கிறாள். "அவளுக்கென்ன அத்தன ராங்கி? என்ற தம்பிக்கு என்ன கொறை? வேண்டாம்னாச் சொல்லித் தொலைக்கறதுதானே." சொல்லிவிட்டு அவளே பயந்துபோய், சொல்லக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள். அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது.

ரசம் வைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். பெண் வீட்டில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஜூலை 11, வியாழன்

மத்தியானம் அவள் கூப்பிட்டாள். பின்னணியில் மெஷின் சத்தம், பெண்கள் பேசும் சத்தம், யாரோ பெட்டி ஒட்ட டேப் கேட்கிற சத்தம்.

"சார், சுத்தி ஆளுங்க நிக்கறாங்க. அதனால இங்கிலீஸ்ல சொல்றனுங்க."

"சொல்லுங்க."

அவள் மூச்சு இழுத்துக்கொள்வது கேட்டது. மனசுக்குள் தமிழில் ஒரு வாக்கியத்தை எடுத்து, நான் கொடுத்த எட்டில் ஒன்றைத் தேடி ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. எதை ஒட்டப் போகிறாளோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஐ ஆம் நாட் டிஸ்லைக் யூ" என்றாள்.

உடனே, "செரியாச் சொன்னனுங்களா சார்?" என்றாள்.

அந்த வாக்கியத்தில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. முதல் வாரத்துப் பாடம் அது. ரொம்பச் சரி என்றேன்.